பேஸ்பால் பிட்சர்களின் உச்ச ஃபார்ம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் தெரியும், பேஸ்பால் அரைகுறை. இதைப் படிக்க என்ன தெரிந்திருந்தால் போதும்?

பந்து வீசுபவர் பிட்சர். மவுண்ட் என்ற சிறு மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவில் இருக்கும் 17 அங்குல அகலத் தட்டை நோக்கி எறிவார். மூன்று பேர் அவுட் ஆனால் அந்தப் பக்கத்தின் இன்னிங்ஸ் முடிந்தது. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், அதாவது 27 அவுட். மூன்று ஸ்ட்ரைக் (உரிய எல்லைக்குள் வந்த, அல்லது பேட்டர் அடிக்க முயன்று தவறவிட்ட பந்து) விழுந்தால் பேட்டர் ஸ்ட்ரைக்அவுட். நான்கு பந்து வெளியே போனால் அவர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம்; அது வாக். (பேஸ் என்பது ஓடிச் சேர வேண்டிய நிலை; மூன்றையும் கடந்து தட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன்.) ஒரே பிட்சர் முழு ஆட்டத்தையும் வீசி எதிரணிக்கு ரன்னே கொடுக்காவிட்டால் ஷட்அவுட். ஹிட்டும் (பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸ் சேர்வது) இல்லையென்றால் நோ-ஹிட்டர். ஒருவர்கூட எந்த வழியிலும் பேஸுக்குப் போகவில்லையென்றால் பர்ஃபெக்ட் கேம்.

டெஸ்டில் பவுலர் காலையிலிருந்து மாலைவரை விட்டுவிட்டு வீசலாம். இங்கே பிட்சர் வெளியே போனால் போனதுதான், அன்றைக்குத் திரும்ப வர முடியாது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சருக்கு அடுத்த முறை ஐந்தாம் அல்லது ஆறாம் நாள்தான். ஆகவே ஒரு மாத உச்ச ஃபார்ம் என்றால் ஆறேழு ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரன்னே கொடுக்காமல் நீண்ட நாள் வீசியவர் யார்?

லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸின் ஓரல் ஹெர்ஷைசர். 1988 ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 28 வரை தொடர்ச்சியாக 59 இன்னிங்ஸ். கணக்கு இப்படி: ஆகஸ்ட் 30 மான்ட்ரியலில் ஐந்தாவது இன்னிங்ஸில் ரன் கொடுத்தபின், மிச்சம் நான்கு இன்னிங்ஸ் சுத்தம். பிறகு ஐந்து ஷட்அவுட்: செப்டம்பர் 5 அட்லாண்டா, 10 சின்சினாட்டி, 14 மறுபடி அட்லாண்டா, 19 ஹூஸ்டன், 23 சான் பிரான்சிஸ்கோ. அது 45. கடைசியாக 28ஆம் தேதி சான் டியேகோவில் பத்து. 4 + 45 + 10 = 59.

இந்த ஐந்தில் இரண்டு ஆட்டம் 1-0. ஒரு ரன் கொடுத்திருந்தால் சாதனையோடு வெற்றியும் கையை விட்டுப் போயிருக்கும். அந்த ஆண்டு அவர் 267 இன்னிங்ஸ் வீசி 23 வென்று 8 தோற்றார். லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர், உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என மூன்றும் அவருக்கே.

அதற்கு முன் யாரிடம் இருந்தது?

அதே டாட்ஜர்ஸின் டான் டிரைஸ்டேலிடம்: 1968இல் ஆறு ஷட்அவுட் வரிசையாக, மொத்தம் 58. அவருக்கு முன் வால்டர் ஜான்சன், 1913இல் 55⅔. அவருக்கும் முன் ஜாக் கூம்ஸ், 1910இல் 53. ஹெர்ஷைசர் நெருங்கிக்கொண்டிருந்தபோது டிரைஸ்டேல் டாட்ஜர்ஸின் வர்ணனையாளராக இருந்தார். தன் சாதனை உடைவதைத் தானே மைக்கில் சொல்லும் நிலை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

டிரைஸ்டேலுக்குச் சிலர் 58⅔ என்கிறார்களே?

1968 ஜூன் 8 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஐந்தாவது இன்னிங்ஸில் ஹோவி பெடல் அடித்த தியாக ஃப்ளையில் (பிடிபட்டாலும் பேஸில் இருப்பவர் ரன் எடுக்க உதவும் உயரப் பந்து) ரன் விழுந்தது. அதோடு சேர்த்து அந்த இன்னிங்ஸில் விழுந்த இரண்டு அவுட்டையும் கணக்கிட்டால் 58⅔. தொடக்கப் பிட்சருக்கு முழு இன்னிங்ஸை மட்டும் எண்ணுவது என்ற முறையில் அது 58 ஆகிறது. எப்படி எண்ணினாலும் 59 அதைத் தாண்டிவிடுகிறது என்பதால் சண்டை வரவில்லை.

இரண்டு சாதனைகளிலும் அம்பயர் உதவினார் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் 'உதவி' என்ற சொல் கொஞ்சம் கனம். இரண்டுமே விதியில் உள்ள தீர்ப்புகள். அம்பயர்கள் அடிக்கடி கொடுக்காத தீர்ப்புகள், அவ்வளவுதான்.

1968 மே 31, டாட்ஜர் ஸ்டேடியம், எதிரணி சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், அவுட் ஒன்றுமில்லை. டிக் டீட்ஸ் மேல் பந்து பட்டது. பேட்டர் மேல் பந்து பட்டால் அவர் முதல் பேஸுக்குப் போவார், மூன்றாம் பேஸில் இருப்பவர் தானாக ரன் எடுப்பார். தொடர் முடிந்தது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் அம்பயர் ஹாரி வெண்டல்ஸ்டெட் கையை உயர்த்தி, டீட்ஸ் விலக முயலவே இல்லை என்று சொல்லிவிட்டார். டீட்ஸ் மறுபடி பேட் பிடிக்க வேண்டியதாயிற்று. குட்டை ஃப்ளை, அவுட். அடுத்தவர் தரையோடு அடித்த பந்து வீட்டுத் தட்டுக்கு எறியப்பட்டு அங்கே ஒரு அவுட். மூன்றாமவர் மேலே தூக்கிப் பிடிபட்டார். தீர்ப்பு அம்பயருடையது, அதற்குப் பிறகு விழுந்த மூன்று அவுட்டும் டிரைஸ்டேலுடையவை. இதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இருபது ஆண்டு கழித்து, 1988 செப்டம்பர் 23இல் எதிரணி அதே ஜயண்ட்ஸ். மூன்றாவது இன்னிங்ஸில் முதலாம், மூன்றாம் பேஸில் ஆள். எர்னஸ்ட் ரைல்ஸ் தரையில் உருட்டிய பந்தை இரண்டாம் பேஸில் ஆல்ஃபிரெடோ கிரிஃபின் வாங்கி முதல் பேஸுக்கு எறியும்போது, ஓடிவந்த பிரெட் பட்லர் சறுக்கி அவர்மேல் மோதினார். எறி தவறியது, மூன்றாம் பேஸ் ஆள் ரன் எடுத்துவிட்டார். அம்பயர் பால் ரஞ்ச், பட்லர் வேண்டுமென்றே இடைஞ்சல் செய்தார் என்று இரட்டை அவுட் கொடுத்தார். இன்னிங்ஸ் முடிந்தது, அந்த ரன் செல்லாமல் போனது.

59ஆவது இன்னிங்ஸ் எப்படிப் போனது?

பத்தாவது இன்னிங்ஸ் அது. ஆட்டம் 0-0, சான் டியேகோவின் ஆண்டி ஹாக்கின்ஸும் அன்று பத்து இன்னிங்ஸ் ரன் தரவில்லை என்பதால்தான் ஹெர்ஷைசருக்கு அந்தப் பத்தாவது கிடைத்தது. டாட்ஜர்ஸ் ஒரு ரன் எடுத்திருந்தால் ஆட்டம் ஒன்பதில் முடிந்து, சாதனை 58இல் சமனாக நின்றிருக்கும்.

முதல் பேட்டர் மார்வெல் வின் ஸ்ட்ரைக்அவுட். ஆனால் பந்து கேட்சரைத் தாண்டி ஓடிவிட்டது. மூன்றாவது ஸ்ட்ரைக் கேட்சர் கையில் நிற்காவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம்; அவர் ஓடினார். அடுத்தவர் தட்டிவிட்டு அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். அதற்கடுத்த தரைப் பந்தில் அவர் மூன்றாம் பேஸ். இரண்டு அவுட், வெற்றி ரன் 90 அடி தூரத்தில். கேரி டெம்பிள்டனை வேண்டுமென்றே வாக் கொடுத்து அனுப்பினார்கள். கீத் மோர்லண்ட் அடித்த ஃப்ளை வலது களத்தில் பிடிபட்டது. ஒரு ஹிட்கூட இல்லாமல் ஒருவர் மூன்றாம் பேஸ்வரை வந்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள். ஸ்ட்ரைக்அவுட் எடுத்ததுதான் வினையாக வந்தது.

ஹெர்ஷைசர் அத்தோடு இறங்கிவிட்டார். 16 இன்னிங்ஸ் ஓடிய ஆட்டத்தை டாட்ஜர்ஸ் 2-1 என்று தோற்றது.

வீட்டில் உட்கார்ந்து ஒரு பிட்சரின் தொடரை நானே எண்ணுவது எப்படி?

ஆட்டவாரிப் பட்டியலை எடுத்து, அவர் கணக்கில் கடைசியாக ரன் விழுந்த இன்னிங்ஸைக் கண்டுபிடியுங்கள். அதற்கு அடுத்த இன்னிங்ஸிலிருந்து தொடங்குங்கள். தடுமாறும் இடங்கள் நான்கு.

ஒன்று, புள்ளி. பட்டியலில் 6.2 என்று இருப்பது தசமம் அல்ல; ஆறு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். 6.2, 7.1, 8.0 என்று மூன்று ஆட்டம் இருந்தால் மொத்தம் 21.3 அல்ல, 22. எக்செல்லில் அப்படியே கூட்டிவிட்டுத் தவறான சாதனை எழுதுபவர்கள் ஏராளம். எல்லாவற்றையும் அவுட்டாக மாற்றிக் கூட்டி (20 + 22 + 24 = 66), கடைசியில் மூன்றால் வகுப்பதே பத்திரம்.

இரண்டு, ஃபீல்டரின் பிழையால் வந்த ரன். அது ஈ.ஆர்.ஏ. (விளக்கம் அடுத்த கேள்வியில்) கணக்கில் சேராது. ஆனால் ரன்னில்லாத் தொடரை முறித்துவிடும்.

மூன்று, விட்டுச்சென்ற ஆட்கள். பிட்சர் இரண்டு பேரைப் பேஸில் விட்டுவிட்டு இறங்கினார், அடுத்து வந்தவர் அடி வாங்கினார் என்றால், அந்த இரண்டு ரன்னும் போனவர் தலையில்தான். பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே தொடர் முடிந்துவிடும். இதையே திருப்பிப் பார்த்தால், ரிலீவர் ஒருவர் உள்ளே வந்து முன்னவர் விட்ட ஆட்களை ரன் எடுக்க விட்டாலும், அவருடைய சொந்தத் தொடர் கெடாது. ரிலீவர்களின் நீண்ட தொடர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க இதுவே காரணம்.

நான்கு, அக்டோபர். இறுதிச்சுற்று ஆட்டங்கள் தனிக் கணக்கு. ஹெர்ஷைசர் 59க்குப் பிறகு நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான லீக் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் மேலும் எட்டு இன்னிங்ஸ் ரன் தரவில்லை. அது 67 ஆகாது.

ஈ.ஆர்.ஏ. என்பது?

ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன். ஃபீல்டர் பிழையால் வந்ததைக் கழித்தபிறகு. ரன் × 9 ÷ இன்னிங்ஸ். 2021இல் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 92 இன்னிங்ஸில் 11 ரன்: 11 × 9 ÷ 92 = 1.08. பொதுவாக 4ஐ ஒட்டி இருந்தால் நடுத்தரம், 3க்குக் கீழே நல்லது, 2க்குக் கீழே பேப்பரில் படம் போடுவார்கள்.

அப்படியானால் வரலாற்றிலேயே பெரிய உச்ச ஃபார்ம் ஹெர்ஷைசருடையதுதானே?

இல்லை என்பதே எங்கள் கருத்து. ரன்னே கொடுக்காத தொடர் கண்ணுக்கு அழகு. ஆனால் பிட்சர் எவ்வளவு மிரட்டினார் என்பதற்கு அது நல்ல அளவுகோல் அல்ல. ரன் விழுவதும் விழாததும் ஃபீல்டர், மைதானம், காற்று, அம்பயர் என்று பலர் கையில் இருக்கிறது. ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும்தான் பெரும்பாலும் பிட்சரின் சொந்தச் சம்பாத்தியம்.

1988 முழுவதும் ஹெர்ஷைசர் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஆறு ஸ்ட்ரைக்அவுட். அவர் சிங்கர் வீசுபவர், தரையில் உருள வைத்து ஃபீல்டரிடம் வேலை கொடுப்பவர். 1968இல் செயின்ட் லூயிஸின் பாப் கிப்சன் ஏறக்குறைய எட்டு. 2000இல் பாஸ்டனின் பெட்ரோ மார்ட்டினெஸ் 11.8. டிகிராம் 2021இல் 14.3. காலம் மாறினால் ஸ்ட்ரைக்அவுட் எண்ணிக்கையும் மாறும் என்பதால் இவற்றை நேருக்கு நேர் வைக்கக்கூடாது. ஆனால் தன் காலத்து மற்றவர்களிடமிருந்து யார் மிகத் தள்ளி நின்றார் என்று கேட்டால், பதில் பெட்ரோதான்.

பெட்ரோ என்ன செய்தார்?

2000இல் ஈ.ஆர்.ஏ. 1.74. அதே லீக்கின் சராசரி 4.9ஐ ஒட்டி, இரண்டாம் இடத்தில் இருந்த ரோஜர் கிளெமென்ஸ் 3.70. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு ரன். 217 இன்னிங்ஸில் 284 ஸ்ட்ரைக்அவுட், 32 வாக், 128 ஹிட். பந்து பறந்துகொண்டிருந்த காலம் அது. சுமாரான பேட்டரும் இருபது ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 10 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் 17 ஸ்ட்ரைக்அவுட், ஒரே ஹிட். அந்த ஒன்று சிலி டேவிஸ் அடித்த ஹோம் ரன். ஆக, அன்று ரன்னில்லாத் தொடர் எதுவும் அவரிடம் மிஞ்சவில்லை. அந்த அளவுகோல் ஏன் போதாது என்பதற்கு அந்த இரவே சாட்சி.

கிப்சனின் 1.12? அதுவும் 1968தான், டிரைஸ்டேலும் 1968தான்.

தற்செயல் இல்லை. அந்த ஆண்டு இரண்டு லீக்கும் சேர்ந்தே ஈ.ஆர்.ஏ. மூன்றுக்குச் சற்றுக் கீழே. மவுண்ட் 15 அங்குல உயரம், ஸ்ட்ரைக் ஸோன் (ஸ்ட்ரைக் என்று எண்ணப்படும் எல்லை) தோள்வரை. அதற்காக கிப்சனைக் குறைக்க முடியாது: 34 ஆட்டம் தொடங்கி 28ஐ முழுதாக முடித்தார், 13 ஷட்அவுட், ஜூனில் மட்டும் அடுத்தடுத்து ஐந்து. 1969இல் மவுண்டைப் பத்து அங்குலமாக இறக்கி, ஸோனின் மேல் எல்லையை அக்குளுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் பத்து அங்குலம்தான்.

1.12 வைத்திருந்த மனிதர் அந்த ஆண்டு ஒன்பது ஆட்டம் தோற்றார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். செப்டம்பர் 17 அன்று அவர் ஒரே ரன் கொடுத்தார். எதிரே கேலார்ட் பெர்ரி நோ-ஹிட்டர் வீசிவிட்டார்.

அப்போது வெற்றி எண்ணிக்கையை வைத்து ஃபார்மைச் சொல்லக்கூடாதா?

சொல்லலாம், ஆனால் அது அணியின் கதை. தொடக்கப் பிட்சருக்கு வெற்றி எழுத, ஐந்து இன்னிங்ஸ் முடித்து முன்னிலையில் இறங்கி, அந்த முன்னிலை கடைசிவரை நிற்க வேண்டும். டிகிராம் 2018இல் 1.70 ஈ.ஆர்.ஏ. வைத்துக்கொண்டு 10 வெற்றி, 9 தோல்வி. ஹெர்ஷைசர் 1989இல் 2.31, முந்தைய ஆண்டின் 2.26க்கு ஏறக்குறைய சமம். ஆனால் கணக்கு 15-15. பேட்டர்கள் கைவிட்டார்கள், வேறொன்றுமில்லை.

இருந்தாலும் இரண்டு தொடர்களைச் சொல்லாமல் விட முடியாது. நியூயார்க் ஜயண்ட்ஸின் கார்ல் ஹப்பெல் 1936இல் 16, 1937இல் 8 என்று தொடர்ந்து 24 வென்றார். ஜப்பானில் ரகுட்டன் அணியின் மசாஹிரோ தனாகா 2013இல் 24-0, ஈ.ஆர்.ஏ. 1.27. அந்த ஆண்டின் ஒரே தோல்வி ஜப்பான் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், 160 பந்து வீசியபின். மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸுக்கு அவரே மவுண்ட் ஏறி முடித்து வைத்தார். இன்று எந்தப் பயிற்சியாளரும் அனுமதிக்கக்கூடாத காரியம், அன்றும் அனுமதித்திருக்கக்கூடாது.

சராசரியாக இருந்த ஒருவர் திடீரென்று உச்சத்துக்குப் போவது நடக்குமா?

ஜேக் அரியெட்டா. பால்டிமோரில் நான்கு சீசன்களில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 5.46. 2013 ஜூலையில் சிகாகோ கப்ஸுக்கு மாற்றப்பட்டார். இடது காலை மூன்றாம் பேஸ் பக்கம் வைத்து, உடலுக்குக் குறுக்கே கையைச் சுழற்றி வீசுவது அவருடைய இயல்பு. கப்ஸ் அதைத் திருத்தப் போகவில்லை. பக்கவாட்டில் விலகும் வேகமான கட்டர்-ஸ்லைடர் பந்து அந்தக் கோணத்தில் வலக்கைப் பேட்டருக்குப் பின்னாலிருந்து கிளம்பி வந்து தட்டின் வெளி ஓரத்தில் விழுந்தது. 2015இல் சீசன் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளைக்குப் பின் 15 ஆட்டம், 107⅓ இன்னிங்ஸ், ஒன்பதே ரன்: 0.75. இரண்டாம் பாதிக்கு வரலாற்றிலேயே குறைந்த எண். ஆகஸ்ட் 30இல் டாட்ஜர்ஸுக்கு எதிராக ஒரு நோ-ஹிட்டர், அடுத்த ஏப்ரலில் சின்சினாட்டியில் இன்னொன்று.

தொடர்ச்சியாக எத்தனை பேட்டர்களை அவுட் ஆக்கியிருக்கிறார்கள்?

மேஜர் லீக்கில் 46, சான் பிரான்சிஸ்கோவின் யுஸ்மெய்ரோ பெட்டிட், 2014. எட்டு ஆட்டங்களில் பரவியது. பெரும்பாலும் ரிலீவராக வந்து எடுத்தவை. அவருக்கு முன் மார்க் பர்லி, 2009இல் 45; அதற்குள் ஒரு பர்ஃபெக்ட் கேம் இருந்தது.

ஜப்பானில் 52. ரோக்கி சசாக்கி, சிபா லோட்டே மரீன்ஸ், வயது இருபது. 2022 ஏப்ரல் 10 அன்று ஓரிக்ஸுக்கு எதிராக 105 பந்தில் பர்ஃபெக்ட் கேம்: 19 ஸ்ட்ரைக்அவுட், அதில் 13 அடுத்தடுத்து. கேட்சர் கோ மட்சுகாவா அப்போது பள்ளி முடித்து வந்த 18 வயதுப் பையன். ஒரு வாரம் கழித்து நிப்பான் ஹாமுக்கு எதிராக மறுபடி எட்டு இன்னிங்ஸ், ஒருவரும் பேஸுக்கு வரவில்லை, 14 ஸ்ட்ரைக்அவுட். 102 பந்து ஆகியிருந்தது. 0-0இல் அவரை இறக்கிவிட்டார்கள். பத்தாவது இன்னிங்ஸில் லோட்டே 1-0 என்று தோற்றது. ஏப்ரல் 24இல் அடுத்த ஆட்டத்தின் முதல் பேட்டரே ஹிட் அடித்து, தொடர் 52இல் நின்றது.

இறக்கியது சரியா என்று இன்றும் வாதம் ஓடுகிறது. சரிதான். இருபது வயது முழங்கைக்கு வரலாறு தேவையில்லை.

அடுத்தடுத்து இரண்டு நோ-ஹிட்டர்?

ஒரே ஒருவர்: சின்சினாட்டியின் ஜானி வாண்டர் மீர், 1938 ஜூன் 11, ஜூன் 15. இரண்டாவது, புரூக்ளின் எபெட்ஸ் ஃபீல்டில் நடந்த முதல் இரவு ஆட்டம்.

இப்போது ஒருவர் ஐந்து ஆட்டமாகக் கலக்குகிறார். நிஜமா, அதிர்ஷ்டமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈ.ஆர்.ஏ.வை மூடி வைத்துவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழியுங்கள். இரண்டையும் எதிர்கொண்ட பேட்டர் எண்ணிக்கையால் வகுத்து எடுக்க வேண்டும். இன்றைய மேஜர் லீக்கில் சராசரி சுமார் 14. இருபதைத் தாண்டினால் நல்ல அறிகுறி. டிகிராமின் 2021 ஏறக்குறைய 42, பெட்ரோவின் 2000 ஏறக்குறைய 31. ஈ.ஆர்.ஏ. 1 என்று ஜொலித்து, இந்த எண் 10இல் நின்றால், அடி வரப்போகிறது.

அடுத்து, களத்துக்குள் அடிபட்ட பந்துகளில் (ஹோம் ரன் நீங்கலாக) எத்தனை ஹிட் ஆகின்றன என்பது. வழக்கமாக .290 முதல் .300. ஐந்து ஆட்டத்தில் ஒருவருக்கு .190 இருந்தால், ஃபீல்டர்கள் நின்ற இடத்துக்கே பந்து போகிறது என்று பொருள்.

மூன்றாவது, பேஸில் ஏறியவர்களில் எத்தனை சதவீதம் பேர் ரன் எடுக்காமல் நின்றுவிட்டார்கள். சுமார் 72 வழக்கம். 95 என்று இருந்தால் நீடிக்காது.

நான்காவது வேகமும் கை விடும் புள்ளியும். ஃபாஸ்ட்பால் சென்ற மாதத்தைவிட ஒரு மைல் கூடியிருக்கிறதா, புதிதாக ஒரு பந்து சேர்த்திருக்கிறாரா, பழைய பந்தை அடிக்கடி வீசுகிறாரா? காரணம் ஒன்று கையில் கிடைத்தால் நம்பலாம். கடைசியில் எதிரணிகள் யார் என்றும் ஒரு பார்வை.

வெறும் நிகழ்தகவில் 59 எவ்வளவு அரிது?

ஒரு நல்ல பிட்சர் நூறு இன்னிங்ஸில் 80இல் ரன் கொடுக்கவில்லை என்று வையுங்கள். குறிப்பிட்ட ஒரு இடத்திலிருந்து 30 இன்னிங்ஸ் சுத்தமாகப் போக வாய்ப்பு சுமார் 800இல் ஒன்று. 59க்கு ஐந்து லட்சத்தில் ஒன்று. அந்த 80ஐ 85 ஆக்கினால் 59க்கு சுமார் 14,600இல் ஒன்று. 75 ஆக இறக்கினால் இரண்டு கோடிக்கும் மேலே. அதிர்ஷ்டம் மட்டும் இருந்தால் எவனாலும் 59 எட்ட முடியாது, அதிர்ஷ்டம் இல்லாமலும் யாராலும் எட்ட முடியாது என்பதை இந்த மூன்று எண்ணே காட்டும்.

உச்சத்தில் இருக்கும்போது உடலில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்: எல்லாப் பந்தும் ஒரே இடத்தில் கையை விட்டுப் போகிறது. 95 மைல் வேகப் பந்து தட்டை அடைய சுமார் 0.4 நொடி. பேட்டர் முடிவெடுக்க அதில் பாதிகூட இல்லை. ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும் பாதி வழிவரை ஒரே கோட்டில் வந்தால் அவர் ஊகிக்கத்தான் முடியும். விடும் புள்ளி இரண்டு மூன்று அங்குலம் சிதறினாலே பந்துகள் முன்கூட்டியே பிரிந்து தெரியும்.

இரண்டாவது, முதல் பந்து ஸ்ட்ரைக். 0-1 (வெளியே போன பந்து பூஜ்யம், ஸ்ட்ரைக் ஒன்று) என்று தொடங்கினால் பேட்டர் தற்காப்புக்குப் போகிறார், பிட்சர் ஸோனுக்கு வெளியே தூண்டில் போடலாம். 1-0 என்றால் நிலைமை தலைகீழ்.

பந்தில் ஏதாவது தடவினால்?

ரோசின் (மரப்பிசின் பொடி) பை மட்டும் அனுமதி. மற்ற பசைகள் பந்தின் சுழற்சியைக் கூட்டும். 2021 ஜூன் 21 முதல் அம்பயர்கள் தொப்பி, கையுறை, பெல்ட் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். சிக்கினால் வெளியேற்றமும் பத்து ஆட்டத் தடையும். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஒருவருடைய சுழற்சி எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது ரசிகர்களின் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

உச்ச ஃபார்ம் ஏன் முடிகிறது?

பேட்டர்கள் கற்றுக்கொள்வது ஒரு காரணம். 1981இல் இருபது வயது ஃபெர்னாண்டோ வாலென்சுவேலா, மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர், முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றார்: ஐந்து ஷட்அவுட், ஈ.ஆர்.ஏ. 0.50. இடக்கைப் பிட்சரின் ஸ்க்ரூபால் வலக்கைப் பேட்டரை விட்டு விலகி ஓடுவதை யாரும் அவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கவில்லை. பார்த்துப் பழகியதும் அதைத் தொடாமல் விடத் தொடங்கினார்கள். பிறகும் அவர் நல்ல பிட்சர்தான். அந்த ஆண்டு புதுமுக விருதும் சை யங்கும் அவருக்கே. ஆனால் 0.50 திரும்பவில்லை.

எந்தப் பந்து வரப்போகிறது என்பதைப் பிட்சரே காட்டிக்கொடுத்துவிடுவது இன்னொன்று. பந்தைப் பிடிக்கும்போது கையுறை விரிவது, மணிக்கட்டு ஒரு பந்துக்கு மட்டும் ஆழமாகப் போவது போன்ற சிறு அசைவு. எதிரணி வீடியோ பார்த்துக் கண்டுபிடித்துவிடும். ஸோனுக்கு வெளியே போகும் நல்ல பந்துகளை எல்லாரும் ஒன்றாக விட ஆரம்பித்தால் சந்தேகப்பட வேண்டும்.

மிச்சம் பெரும்பாலும் கைதான். வேகம் ஒன்றிரண்டு மைல் குறைவது, விடும் புள்ளி தாழ்வது, ஸ்லைடர் ஸோனின் நடுவில் தொங்குவது என்று வரிசையாக வரும். டிகிராமின் 2021 உச்சத்தை முடித்தது பேட்டர்கள் அல்ல. ஜூலையில் முன்கை இறுக்கத்தால் முடிந்தது. 2023இல் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை.

இறுதிச்சுற்றில் இதுபோல?

1905 உலகத் தொடரில் கிறிஸ்டி மேத்யூசன் ஆறு நாளில் மூன்று ஷட்அவுட்: 27 இன்னிங்ஸ், ஒரே வாக். 2014இல் மேடிசன் பம்கார்னர் உலகத் தொடரில் 21 இன்னிங்ஸுக்கு ஒரு ரன். ஏழாவது ஆட்டத்தில் இரண்டு நாள் ஓய்வில் வந்து ஐந்து இன்னிங்ஸ். 2025இல் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ டொரான்டோவுக்கு எதிராக இரண்டாவது ஆட்டத்தை முழுதாக முடித்தார், கடைசி இருபது பேட்டரையும் வரிசையாக வீழ்த்தி. ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து. மறுநாள் ஏழாவதில் புல்பென்னிலிருந்து (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) வந்து மேலும் 2⅔ இன்னிங்ஸ். மூன்று வெற்றி, 17⅔ இன்னிங்ஸில் இரண்டு ரன்.

59ஐ இனி யாராவது உடைப்பார்களா?

தொடக்கப் பிட்சருக்குக் கடினம். ஹெர்ஷைசர் ஏழு ஆட்டத்தில், முப்பது நாளில் முடித்தார். இன்று நல்ல பிட்சரே ஆறு இன்னிங்ஸில் இறங்குகிறார். ஒரே பேட்டரை மூன்றாம் முறை சந்திக்கும்போது அடி விழுவது கூடுகிறது என்பதால் பயிற்சியாளர்கள் காத்திருப்பதில்லை. ஆறு ஆறாக என்றால் பத்து ஆட்டம், ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்குள் ஒரு மழை, ஒரு பிழை, ஒரு விட்டுச்சென்ற ஆள் போதும். அண்மைக்காலத்தில் நெருங்கியவர் ஸாக் கிரெயின்கி: 2015இல் 45⅔. அதை முறித்த ரன் மெட்ஸுக்கு எதிராக, எதிரணிப் பிட்சர் டிகிராமே பேட் பிடித்துத் தரையில் உருட்டிய பந்தில் விழுந்தது.

ஹெர்ஷைசரின் தொடர் எங்கே முடிந்தது?

அடுத்த சீசனில் அவருடைய முதல் இன்னிங்ஸிலேயே. 1989 ஏப்ரல் 5, சின்சினாட்டி. டாட் பென்ஸிங்கர் அடித்த ஹிட்டில் பாரி லார்கின் வீடு சேர்ந்தார். அந்த ஆண்டும் அவர் 250 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக. 1990 ஏப்ரலில் தோள் அறுவை சிகிச்சை. 1991 மே கடைசியில் மவுண்டுக்குத் திரும்பி, 2000வரை வீசினார்.